நகரும் இல்லமும் அளந்த மின்சாரமும்

மோட்டார் வண்டியையே வீடாக்கி, அதனுள் படுக்கையும் அடுப்பும் விளக்கும் விசிறியும் அமைத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று வாழும் வழக்கம் மேனாட்டாரிடையே பெரிதும் பரவியுள்ளது. நம் நாட்டிலும் கேரள அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளைக் கொண்டு ஒரு சுற்றுலாத் திட்டம் வகுத்தனர். தமிழ்நாட்டில் அவ்வண்டியைக் காண விரும்புவோர் பெரும்பாலும் சினிமாப் படப்பிடிப்பு நிகழும் இடத்துக்கே செல்லவேண்டும். நடிகர் இளைப்பாறும் 'கேரவன்' என்பது அதுவே. காரைக்காலிலோ அதனைக் காண்டல் அரிது.

ஆயினும், வீட்டைத் தன்னுள்ளே சுமந்து செல்லும் ஊர்தி நம் ஊரில் இல்லை என்று ஒருவரும் கூறற்க. அரசலாறு கடலொடு கலக்குமிடத்தருகே மீன்பிடித் துறைமுகத்தில் வரிசை வரிசையாய்க் கட்டப்பட்டிருக்கும் விசைப்படகுகளை நோக்குக. அவற்றுட் பல, ஒருமுறை கரைவிட்டால் சில நாள் கழித்தே மீள்வன. அந்நாள்களில் அப்படகே மீனவர்க்கு வீடு. அதிலேயே சமையல், அதிலேயே உறக்கம், அதிலேயே தொழில். கரையிலிருந்து அதற்குக் கம்பி வழியே மின்சாரம் வருவதில்லை. விளக்கும், கம்பியில்லாப் பேசுகருவியும், செயற்கைக்கோள் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். கருவியும், ஆழமறியும் எக்கோ சவுண்டரும், இயந்திரத்தைக் கிளப்பும் மோட்டாரும் ஆகிய யாவும் படகு தன்னுடன் கொண்டுசெல்லும் மின்சாரத்தாலேயே இயங்கவேண்டும். ஆதலின், நகரும் இல்லத்தில் மின்சாரத்தை ஆளும் முறையாது என்பதனை நாம் இப்படகுகளின் வாயிலாகவே ஆராயப் புகுகின்றோம். வண்டிக்கும் படகுக்கும் இதில் விதி ஒன்றே. வேறுபாடு யாதெனின், வண்டியில் மின்சாரம் தீர்ந்தால் இறங்கி நடக்கலாம்.

திருமலைராயன் பட்டினத்தில் இயற்கை வாயுவைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் நிலையம் ஒன்று 2000-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியதனை நம் மாணாக்கர் அறிவர். அதன் ஆற்றல் 32.5 மெகாவாட், அதாவது மூன்றேகால் கோடி வாட். வீட்டுச் சுவரிலுள்ள பொத்தானை அழுத்துங்கால் நாம் இத்தகைய பெருநிலையங்கள் பலவற்றை ஒன்றாய்ப் பிணைத்த ஒரு பெருங்கடலினின்று ஒரு குவளை நீரை முகந்துகொள்கின்றோம். எவ்வளவு முகந்தாலும் கடல் வற்றுவதில்லை. மாதமுடிவில் சீட்டு மட்டுமே வரும். படகிலோ நிலைமை முற்றும் வேறு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று பொறித்த ஒரு பாட்டரியில் அடங்குவது 1,200 வாட்-மணி மின்சாரம். மின்கட்டணச் சீட்டின் கணக்குப்படி அஃது ஒன்றேகால் 'யூனிட்'டுக்கும் சற்றுக் குறைவு. பட்டினத்து நிலையம் தன் முழு ஆற்றலோடு இயங்குங்கால் அவ்வளவையும் ஒரு விநாடியில் ஏழிலொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் உண்டாக்கிவிடும். படகில் அதனைக் கொண்டே ஓர் இரவைக் கழித்தல் வேண்டும்.

காரைக்கால் வாசிகளுக்கு இது புதிய பாடமன்று. நாம் காவிரியின் கடைமடையில் வாழ்பவர். 2007-ஆம் ஆண்டில் நடுவர் மன்றத்தார் புதுச்சேரி மாநிலத்துக்கென வகுத்த பங்கு 7 டி.எம்.சி. நீர், அதனைக் கொண்டே இங்குள்ள வயல்கள் விளையவேண்டும். மேன்மடையிலுள்ளான் நீரை வாரியிறைக்கலாம். கடைமடையிலுள்ளான் எண்ணியே திறப்பான். மின்சாரத்தின் அளவைகளையும் இந்நீர்க் கணக்கைக் கொண்டே விளக்கலாம். வோல்ட் என்பது நீர் நிற்கும் உயரம் போன்றது. ஆம்பியர் என்பது மடை வழியே நொடிதோறும் பாயும் நீரின் அளவு போன்றது. இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது வாட், அதாவது அந்நீர் சக்கரத்தைச் சுழற்றும் வலிமை. ஆம்பியர்-மணி என்பதோ ஏரியில் தேங்கி நிற்கும் நீரின் கொள்ளளவு. மடையின் அகலத்தை மட்டும் நோக்கி ஏரியின் அளவை மறப்பவன் அறுவடைக்கு முன்னரே வறட்சி காண்பான்.

மின்சாரத்தைத் தேக்கும் இவ்வேரியை முதற்கண் அமைத்தவர் காஸ்டன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. 1859-ஆம் ஆண்டில் அவர் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாவண்ணம் சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் தக்க கலத்தைச் செய்தார். அக்காலத்தே காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1881-இல் காமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் தகடுகளின்மேல் ஈய ஆக்ஸைடைக் களிம்பாய்ப் பூசி, கலத்தின் கொள்ளளவைப் பெருக்கினார். ஆம்பியர் என்னும் அளவையும் பிரெஞ்சு அறிஞர் ஒருவரின் பெயரே. நம் துறைமுகத்துப் படகுகளில் இன்றும் மிகுதியாய்க் காணப்படும் பாட்டரி, பெட்டி கறுப்பு ரப்பரிலிருந்து பிளாஸ்டிக்காக மாறியதொழிய, அடிப்படையில் பிளாந்தே செய்த அதுவே.

அதனுள் நிகழ்வது யாதெனின்: ஏற்றம் நிறைந்த நிலையில் ஒரு தகடு பழுப்பு நிறமுள்ள ஈய டையாக்ஸைடு, மற்றது சாம்பல் நிறமுள்ள கடற்பஞ்சு போன்ற ஈயம். மின்சாரம் செலவாகுந்தோறும் இரு தகடுகளும் திராவகத்திலுள்ள கந்தகக் கூற்றை ஏற்று ஈய சல்பேட்டாக மாறுகின்றன, திராவகம் நீர்த்துப்போகின்றது. மீண்டும் மின்சாரத்தை ஏற்றினால் தகடுகள் பழைய நிலை எய்தித் திராவகமும் செறிகின்றது. திராவகத்தின் செறிவே மின்சாரத்தின் இருப்பைக் காட்டும் குறியாதலின், ஹைட்ராமீட்டர் என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு அதனை அளந்தறியலாம். நன்கு நிறைந்த கலத்தில் 1.25 முதல் 1.28 வரை காட்டும், 1.20 என்று காட்டினால் ஏறக்குறையப் பாதி செலவாயிற்றெனக் கொள்க. வோல்ட்மீட்டர் கொண்டு அறிவதாயின், பாட்டரி சில மணிநேரம் ஓய்ந்திருந்த பின்னரே அளத்தல் வேண்டும்: 12.6 அல்லது 12.7 நிறைவைக் குறிக்கும், 12.2 பாதியைக் குறிக்கும். இடையே அரை வோல்ட்டே வேறுபாடு என்பதனைக் கவனிக்க. கண்ணால் விளக்கின் ஒளியைப் பார்த்து, 'நன்றாய்த்தான் எரிகின்றது' என்று இருப்பை மதிப்பிடுவோர் ஏமாறுவது இதனாலேயே.

பாதி என்று நாம் குறித்ததற்குக் காரணமுண்டு. ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிடுதல் அதன் ஆயுளை விரைவிற் குறைக்கும். இறங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் விட்டுவைத்தாலோ, தகடுகளின்மேற் படிந்த சல்பேட் கெட்டிப்பட்டுக் கல்லாகிவிடும். பின்பு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. ஆதலின் 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் நாம் அச்சமின்றிச் செலவிடத்தக்கது 50 மட்டுமே.

நிற்க. சென்ற தடைக்காலத்தில் நாம் மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்குச் சென்றிருந்தோம். படகின் அடிப்புறத்துக்குச் சாயம் பூசுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாம் வந்த காரணத்தைக் கேட்டறிந்து, தமக்கு நேர்ந்ததொன்றைக் கூறினார். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசி மாதத்தில், அவரும் உடன் எழுவரும் ஓரிரவு நங்கூரமிட்டு இயந்திரத்தை நிறுத்தியிருந்தனர். படகிலிருந்த பாட்டரிகள் யாவும் ஒரே தொகுதியாய்ப் பிணைக்கப்பட்டிருந்தன. மீனைத் தரம் பிரிப்பதற்கென ஏற்றிய பழைய வகைக் குண்டு விளக்குகளை அணைக்காமலே அயர்ந்து உறங்கிவிட்டனர். வைகறையில் காற்று வலுத்தது. நங்கூரம் பிடிவிட்டு இழுபடலாயிற்று. இயந்திரத்தைக் கிளப்பச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்னும் ஓசையன்றி வேறொன்றுமில்லை. ஜி.பி.எஸ். திரை இருண்டிருந்தது. பேசுகருவியில் பிறர் பேசுவது சற்றுநேரம் கேட்டதாம். தாம் பேச முயன்றவுடன் அதுவும் அணைந்தது.

"ஐயா, நாங்க கூப்பிட்டது யாருக்கும் கேட்கல. எந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுதுன்னும் தெரியல. எல்லைக்கு அந்தப் பக்கம் போயிட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார் அவர். தெற்கே இலங்கைக் கடலெல்லை நெருங்கியுள்ளது. அதனைத் தாண்டியதாகக் காரைக்கால் மீனவர் சிறைப்பட்ட செய்திகளை நாம் படித்தே வருகின்றோம். இடமறியும் கருவி இருண்ட படகுக்கு எல்லைக்கோடு என்பது இல்லை. நண்பகலளவில் வேறொரு படகு கண்டு அணுகி, தன் பாட்டரி ஒன்றைக் கயிறு கட்டி இறக்கித் தந்து உதவியதால் அவர்கள் மீண்டனர்.

"இயந்திரத்துக்கு ஒரு வயிறு, விளக்குக்கு ஒரு வயிறு. ஒரே பானையில ரெண்டுக்கும் சோறு வச்சோம். விளக்கு முழுசையும் தின்னுட்டுது" என்று அவர் முடித்தார். மின்சார சாஸ்திர நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதனை அவர் மூன்று வாக்கியங்களிற் கூறிவிட்டார்.

இதிலிருந்தே நகரும் இல்லத்தின் முதல் விதி பிறக்கின்றது: இயந்திரத்தைக் கிளப்பும் பாட்டரி வேறு, இல்லத்துக்குரிய பாட்டரி வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்றேபோல் இருப்பினும் இயல்பில் வேறானவை. கிளப்பும் பாட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். அது சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை வாரி வழங்கிப் பின் ஓய்வது. இல்லப் பாட்டரியில் தடித்த தகடுகள் சில. அது சிறு மின்னோட்டத்தை இரவு முழுதும் நிதானமாய்த் தருவது. முன்னதை இரவு முழுதும் எரியவிட்டால் அது சில மாதங்களிலேயே கெடும். வீட்டு வண்டிகளிலும் இவ்விரண்டையும் பிரித்தே வைக்கின்றனர். இயந்திரம் ஓடுங்கால் மட்டும் இரண்டும் இணைந்து ஏற்றம் பெறவும், நின்றவுடன் பிரியவும், ஒரு ரிலே அல்லது கையால் திருப்பும் சுவிட்சு இருக்கும். கைச்சுவிட்சாயின் ஓர் எச்சரிக்கை: இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதனை முற்றும் அணைக்கும் நிலைக்குத் திருப்பலாகாது. ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மின்சாரம் போக வழியின்றி அதன் வோல்ட் திடீரென உயர்ந்து, உள்ளேயுள்ள டையோடுகள் எரிந்துபோகும்.

பெரிய படகுகளில் 12 வோல்ட் பாட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாகப் பயன்படுத்துகின்றனர். அங்கே மற்றொரு பிழை வழக்கமாய் நேர்கின்றது. 12 வோல்ட் கருவி ஒன்றை வாங்கிவந்து, இரண்டில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் நடுவே கம்பியெடுத்து மாட்டிவிடுகின்றனர். கருவி நன்றாகவே இயங்கும். ஆனால் ஒரு பாட்டரி நாள்தோறும் சற்று மிகுதியாய் இறங்குகின்றது. ஏற்றுங்காலோ இரண்டுக்கும் ஒரே அளவு மின்னோட்டமே பாய்கின்றது. விளைவு, ஒன்று என்றும் பசித்துக் கிடக்கும், மற்றது மிகையாய் உண்டு கொதிக்கும்; சில மாதங்களில் இரண்டும் பாழ். 24-ஐ 12 ஆக்கித் தரும் மாற்றுக் கருவி கடைகளிற் கிடைக்கின்றது. அதன் விலை ஒரு பாட்டரியின் விலையினும் குறைவே.

இனி ஓரிரவின் வரவுசெலவைக் கணக்கிடுவோம். இயந்திரம் பத்து மணிநேரம் நின்றிருப்பதாகக் கொள்க. எல்.ஈ.டி. விளக்குகள் யாவும் சேர்ந்து 30 வாட். பத்து மணிக்கு 300 வாட்-மணி. பேசுகருவி கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் ஏறக்குறைய அரை ஆம்பியர் கொள்ளும், 60 வாட்-மணி. ஜி.பி.எஸ். திரை ஓர் ஆம்பியர், 120 வாட்-மணி. கைப்பேசி ஐந்துக்கு ஏற்றம், ஒன்றுக்குப் பதினைந்தாக 75. ஆகக் கூட்டினால் 555 வாட்-மணி. 12-ஆல் வகுக்க, 46 ஆம்பியர்-மணியும் சிறிதும். நாம் செலவிடத்தக்க 50-க்குள் இஃது அடங்குகின்றது. மிச்சம் மிகவும் குறைவாயினும் அடங்குகின்றது. இவ்விடத்தில் எல்.ஈ.டி.க்குப் பதிலாக அதே ஒளி தரும் பழைய குண்டு விளக்குகளை வைத்துப் பார்க்க. 30 வாட் இருந்த இடத்தில் 200 வாட் வேண்டும். மணிதோறும் செலவு 19 ஆம்பியர் அளவாகும். இரண்டே முக்கால் மணிநேரத்திற்குள் பாதி போய்விடும். நள்ளிரவுக்குள் பாட்டரி வெறுமையாகும். பெரியவரின் படகில் நிகழ்ந்தது இதுவே.

சோறாக்கும் மின்கருவியை இன்வெர்ட்டர் வழியே இணைக்கலாமோ எனின், அது 1,000 வாட் கொள்வது. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேற்படும். அரைமணிச் சமையலுக்கு ஓரிரவின் மின்சாரம் முழுதும் தீரும். மீனவர் படகில் கேஸ் அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ வைத்திருப்பது அறியாமையாலன்று. 'கேரவன்' வண்டிகளின் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓயாது இரைந்துகொண்டிருப்பதும் அதனுள் குளிர்சாதனம் இருப்பதனாலேயே.

செலவை அறிந்தபின் வரவு. இயந்திரத்தோடு சுழலும் ஆல்டர்னேட்டரே படகின் முதன்மையான வருவாய். 'ஒரு மணிநேரம் ஓட்டினால் பாட்டரி நிறைந்துவிடும்' என்று பலரும் எண்ணுகின்றனர். பாதி இறங்கிய ஈயப் பாட்டரி அவ்வாறு விரைந்து உண்ணாது. தொடக்கத்தில் தன் கொள்ளளவில் நான்கிலொரு பங்கு ஆம்பியரை ஏற்கும். வயிறு நிறையுந்தோறும் சிறிது சிறிதாகவே ஏற்கும். முழுநிறைவுக்கு ஐந்தாறு மணியேனும் வேண்டும். வலையிழுத்துச் செல்லும் படகில் இயந்திரம் நெடுநேரம் ஓடுவதால் இதற்குக் குறைவில்லை. நாளெல்லாம் ஒரே இடத்தில் நிறுத்தப்படும் வீட்டு வண்டிக்கே இது பெருங்குறை; அதனாலேயே அவ்வண்டியின் கூரைமீது சூரியத் தகடுகள் பதிக்கப்படுகின்றன. 100 வாட் தகடு ஒன்று நம் கரையின் தெளிந்த நாளில் ஏறக்குறைய 400 வாட்-மணி தரும். ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்குங்கால் அதனை நம்பியிருத்தல் கூடாது.

கம்பியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஏனெனில் இதனைக் கவனிப்போர் மிகச் சிலர். வீட்டில் 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி நன்கு தடித்ததாகவே கருதப்படுகின்றது. அதே கம்பியைப் பாட்டரியிலிருந்து பத்து மீட்டர் தொலைவுக்கு இழுத்து 10 ஆம்பியரைச் செலுத்துக. போக்கும் வரவுமாய் இருபது மீட்டர்க் கம்பியின் தடையால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைகின்றது. 230 வோல்ட்டில் ஒன்றரை போனால் ஒருவர்க்கும் தெரியாது. 12-இல் ஒன்றரை போவது எட்டிலொரு பங்கு போவதாம். வாய்க்காலின் பாதி வழியிலேயே நீர் மண்ணில் ஊறிப்போவது போலாம். வி.எச்.எஃப். பேசுகருவி கேட்பதற்கு அரை ஆம்பியர் போதும். 25 வாட் வலிமையோடு பேசுவதற்கோ ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். மெல்லிய கம்பியும், உப்புப் பூத்த முனையும், பாதி இறங்கிய பாட்டரியும் ஒன்றுசேர்ந்தால், கருவி கேட்கும், பேசாது. ஆபத்துக் காலத்தில் 16-ஆம் சானலில் எழுப்பும் குரல் கரைக்கும் அயற்படகுக்கும் எட்டுவதும் எட்டாததும் இந்த ஒன்றரை வோல்ட்டைப் பொறுத்ததாகலாம். கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண் கைப்பேசிக்கு உரியது. கரையினின்று தொலைவில் கைப்பேசிக்கு அலை கிட்டாது.

கம்பியின் தொடக்கத்தில், பாட்டரிக்கு இயன்றவரை அருகில், ப்யூஸ் இருத்தல் வேண்டும். '12 வோல்ட் தானே, தொட்டாலும் உறைக்காதே' என்பர். உடலுக்கு அஃது உறைக்காது. ஆனால் இரு முனைகளையும் ஓர் இரும்புத் திருப்புளி தொட்டுவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேற்பட்டுப் பாய்ந்து, இரும்பே செக்கச்சிவந்து உருகும். டீசல் கசிந்த அறையில் அதன் பயன் யாதாகுமென்று எழுத வேண்டுவதில்லை.

உப்புக்காற்று நம் கரையின் இயற்கைப் பகை. செம்பு பச்சை பூத்து, முனைகள் வெண்பொடி பூக்கின்றன. முனைகளைச் சுரண்டி இறுக்கி வாசலின் தடவுதல் எளிய பரிகாரம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி இன்னும் நன்று. பாட்டரி அறைக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. ஏறுங்கால் கலத்திலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் ஒரு தீப்பொறியில் வெடிக்கும். காய்ச்சி வடித்த நீரையன்றி வேறு நீரை ஊற்றலாகாது. கடல்நீர் புகுந்தாலோ குளோரின் என்னும் நச்சுவாயு எழும். ஆதலின் பாட்டரியைப் படகின் அடித்தளத்து நீர் எட்டாத உயரத்தில், அசையாவண்ணம் கட்டிவைக்க வேண்டும். வண்டியிலும் அசையாமற் கட்டுதல் வேண்டுவதே. மேடுபள்ளம் அலையினும் கொடிதென்பதனை நம் சாலைகளிற் சென்றவர் அறிவர்.

துறையில் கட்டியிருக்குங்கால் கரையிலிருந்து 230 வோல்ட் கம்பியை இழுத்துப் பாட்டரிக்கு ஏற்றுவோரைக் கண்டோம். அக்கம்பியின் இணைப்புகள் ஈரத்தரையிற் கிடந்தன. இங்கே அளவு தலைகீழாய் மாறுகின்றது: ஆம்பியர் சிறிது, ஆபத்துப் பெரிது. 30 மில்லி-ஆம்பியர் கசிந்தவுடனே துண்டிக்கும் காப்புக் கருவி இல்லாமல் ஈரமான தளத்துக்கு அம்மின்சாரத்தைக் கொண்டுவருதல் கூடவே கூடாது.

இப்போது லிதியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிகள் வந்துள்ளன. எடை குறைவு, கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிச் செலவிடலாம், விரைந்து ஏற்கும், பன்மடங்கு முறை ஏற்றியிறக்கினும் தளராது. விலை மிகுதி. அன்றியும், விரைந்து உண்ணும் அவ்வியல்பே பழைய ஆல்டர்னேட்டரை ஓய்வின்றி உழைக்கச்செய்து கொதிக்கவைக்கும். இடையே மின்னோட்டத்தை அளந்துவிடும் கருவியின்றி அதனை மாட்டுதல் தகாது. மேனாட்டு வீட்டு வண்டிகள் பெரும்பாலும் இதற்கு மாறிவருகின்றன. நம் படகுகளுக்கு ஈயமே இன்னும் சிலகாலம் போதுமென்பது நம் கருத்து.

இறுதியாக, தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வளம் பெருகும் பொருட்டு விதிக்கப்பட்ட அவ்வோய்வு பாட்டரிக்குக் கேடாய் முடிகின்றது. வெயிற்காலத்தில் வாளா கிடக்கும் ஈயப் பாட்டரி தானாகவே சிறிது சிறிதாய் இறங்கும். ஏதேனும் ஒரு கருவி அணைக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் விரைந்து இறங்கும். இறங்கிய நிலையில் இரண்டு மாதம் கிடந்தால் மேலே கூறியவாறு சல்பேட் கல்லாகிவிடும். பிறகு ஜூன் மாதத்தில் ஓரிரவு ஏற்றிப் புறப்பட்டால், வோல்ட்மீட்டர் நிறைவு காட்டும், கொள்ளளவோ பாதியுமிராது. தடை நீங்கிய முதற் பயணத்திலேயே பாட்டரி கைவிடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. செய்யவேண்டுவது சிறிது: கரையேறிய அன்றே முழுதும் ஏற்றி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுக, மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுக, புறப்படுமுன் ஆறு கலங்களையும் ஹைட்ராமீட்டரால் தனித்தனியே பார்க்க. ஒன்று மட்டும் மற்றவற்றினும் தாழ்ந்து காட்டினால் அப்பாட்டரியை நம்பிக் கடல்மேற் செல்லலாகாது.

நாம் சென்றிருந்த அன்று அப்பெரியவரின் படகில் மாணாக்கர் இருவர் இச்சோதனையைச் செய்து பார்த்தனர். பன்னிரண்டு கலங்களில் பதினொன்று 1.25-ஐ ஒட்டிக் காட்டின, ஒன்று 1.17-இல் நின்றது. பெரியவர் சற்றுநேரம் மிதவையையே உற்றுநோக்கிக்கொண்டிருந்தார். பின்னர் அப்பாட்டரியைக் கழற்றிக் கரையில் வைக்கச் சொன்னார். எஞ்சியதன் மூடியின்மேல், படகுக்குப் பூசிக்கொண்டிருந்த சிவப்புச் சாயத்தைத் தூரிகையால் தொட்டு, 'இஞ்சினுக்கு மட்டும்' என்று தம் கையாலேயே எழுதினார்.